ஓட்டமும் வேண்டும், சதையும் வேண்டும்

வேலூரில் எந்த ஜிம்முக்குள் நுழைந்தாலும் ஒரு பேச்சு காதில் விழாமல் இருக்காது: "ஓடினா பாடி இறங்கிடும்." ஓடுகிறவர்கள் பக்கம் போனால் அங்கே வேறு பேச்சு: "வெயிட் தூக்கினா உடம்பு இறுகிடும், அப்புறம் கால் வராது." நான் இரண்டையும் செய்கிறேன். விடியற்காலையில் கோட்டைப் பக்கம் ஓட்டம், சாயங்காலம் சத்துவாச்சாரியில் ஒரு சின்ன ஜிம்மில் எடைப் பயிற்சி. சதை ஏற வேண்டும் என்பதற்காக ஓட்டத்தை விடவில்லை. கல்யாணமானதிலிருந்து 50 கிலோவைத் தாண்டாத உடம்பு இப்போது 54. ஏறியது எங்கே என்று எனக்கு பிளவுஸ் தைக்கிற அக்காவைக் கேட்டால் சொல்வார். அளவு நாடாவை முதுகில் வைத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இடுப்பு அதேதான் இருக்கு. முதுகும் கையும்தான் ஏறியிருக்கு. பழைய அளவு பிளவுஸ் இனி வேலைக்காகாது" என்றார். எடை மெஷின் இதைப் பிரித்துக் காட்டாது, நாடா காட்டிவிடும்.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் எடுக்கிறவள். ஒருவர் "கரைஞ்சிடும்" என்று சொன்னால் எது கரையும், எதனால், எவ்வளவு என்று கேட்காமல் இருக்க வராது. கேட்டும் படித்தும் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். ஏற்கெனவே ஒல்லி, இதில் ஓட்டம் வேறா என்று தயங்குகிற பெண்கள் என்னிடம் நிறையப் பேர் கேட்டாயிற்று. அவர்களுக்காகத்தான் முக்கியமாக.

முதலில் மாஸ்டர் சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்கள் மாஸ்டர் அந்தக் காலத்துப் பளுதூக்கும் வீரர். சத்துவாச்சாரியில் இது அதிசயமே இல்லை. 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்ட் கோஸ்ட்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் எங்கள் ஊர்ப் பிள்ளை. 77 கிலோ பிரிவு. பளுதூக்குவதில் ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்று இரண்டு முறை. கிளாஸ்கோவில் முதலாவதில் 149, இரண்டாவதில் 179, ஆக மொத்தம் 328 கிலோ. அந்த எண்கள் இங்கே பலருக்கு மனப்பாடம். அப்படிப்பட்ட ஊரில் மாஸ்டர் என்னைப் பார்த்து, "ஏம்மா, சதை வேணும்னா ஓடுறதை நிறுத்திடு. ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வேணாம்" என்றார். அவர் வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆள் இல்லை. பார் பிடிக்கிற கையின் இடைவெளியை ஒரு விரல் மாற்றச் சொன்னால்கூட அதற்கு ஒரு காரணம் வைத்திருப்பார்.

அவர் பேச்சுக்கு ஆராய்ச்சியிலும் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்சன் என்று ஓர் ஆராய்ச்சியாளர். அவரே எடை தூக்குகிறவர். செயின்ட் லூயிஸில் ஜான் ஹாலோசி என்ற புகழ்பெற்ற விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஹாலோசிக்கு ஓடும் பழக்கம் உண்டு. ஹிக்சனும் கூடவே ஓட ஆரம்பித்தார். எடைப் பயிற்சியை விடாமல் செய்துவந்தும் உடம்பு சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்து ஹாலோசியிடம் கேட்டிருக்கிறார். உனக்கென்று ஓர் ஆய்வகம் அமைந்ததும் முதலில் இதைத்தான் ஆராய வேண்டும் என்று ஹாலோசி சொல்லியிருக்கிறார். ஹிக்சன் அப்படியே செய்து 1980இல் கட்டுரை வெளியிட்டார். மூன்று குழுக்கள், 10 வாரம். ஒரு குழுவுக்கு எடை மட்டும், ஒன்றுக்கு ஓட்டமும் சைக்கிளும் மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும். இரண்டையும் செய்த குழுவுக்கு முதல் ஏழு வாரம் வரை கால் பலம் ஏறிக்கொண்டே வந்தது. பிறகு நின்றது. ஒன்பது, பத்தாவது வாரங்களில் இறங்கவே ஆரம்பித்துவிட்டது. "ஓடினா பாடி இறங்கிடும்" என்ற பேச்சு ஆராய்ச்சி உலகத்திலும் வேர் விட்டது இந்தக் கட்டுரையால்தான்.

ஆனால் அந்த மூன்றாவது குழுவை எப்படி வேலை வாங்கினார்கள் என்று பாருங்கள். வாரத்தில் ஐந்து நாள் காலுக்குக் கனமான எடை. அதோடு ஆறு நாள் மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி, அதாவது சைக்கிளும் ஓட்டமும். அந்த ஆறில் மூன்று நாள் சைக்கிளில் ஐந்தைந்து நிமிடமாக ஆறு தடவை, உடம்பின் உச்சவரம்புக்குப் பக்கத்தில். மற்ற மூன்று நாள் 40 நிமிடம் வரை முடிந்த அளவு வேகமாக ஓட்டம். ஆக வாரத்துக்குப் பதினோரு பயிற்சி, எல்லாம் ஒரே காலுக்கு, மெதுவான ஓட்டம் என்று ஒன்றுகூடக் கிடையாது. இப்படி வாழ்கிற மனிதர் யார்? என் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைச் சொன்னால், "பாவம், கால் என்னதான் பண்ணும் மிஸ்?" என்று அவர்களே கேட்பார்கள். அந்த முடிவு உண்மைதான். அந்த அளவுக்கு உண்மை. கோட்டைப் பக்கம் வாரத்துக்கு மூன்று நாள் ஓடுகிறவளுக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது.

உள்ளே நடப்பது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது எனக்குப் பிடித்த பகுதி. தசைச் செல்லுக்குள் எரிபொருள் குறையும்போது விழித்துக்கொள்கிற ஒரு நொதி இருக்கிறது, பெயர் ஏஎம்பிகே. எடை தூக்கும்போதும் புரதம் சாப்பிடும்போதும் வேலைக்கு வருவது எம்டார். புதுப் புரதத்தைக் கட்டச் சொல்லி ஆணையிடுவது அதுதான். கையில் காசு குறைந்ததும் வீட்டில் கட்டட வேலையை நிறுத்தி வைக்கிறோம் இல்லையா, ஏஎம்பிகே விழித்ததும் எம்டாரை அப்படித்தான் அடக்கி வைக்கிறது. ஓட்டம் சதையைக் கெடுக்கும் என்பதற்கு ஆய்வுக்கூடம் தருகிற விளக்கம் இது.

சரி, அது எவ்வளவு நேரத்துக்கு என்று யாரும் கேட்பதில்லை. கடும் பயிற்சிக்குப் பிறகும் ஏஎம்பிகே சுமார் மூன்று மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது. எடைப் பயிற்சி கிளப்பிவிட்ட எம்டார் 18 மணி நேரம் வரைகூட வேலை செய்துகொண்டிருக்கும். காலை ஐந்தரைக்கு ஓடி, சாயங்காலம் ஆறரைக்கு எடை தூக்கினால் நடுவில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. பள்ளிக்கூட வேலை எனக்கு இந்த இடைவெளியைத் தானாகவே கொடுத்துவிட்டது. இரண்டையும் ஒரே நேரத்தில்தான் செய்ய முடியும் என்கிறவர்கள் எடையை முதலில் முடித்துவிட்டு ஓடுங்கள். ஓடிக் களைத்த காலோடு ஸ்குவாட்டுக்கு, அதாவது தோளில் பாரைச் சுமந்து உட்கார்ந்து எழுகிற பயிற்சிக்கு, போய் நிற்காதீர்கள், அவ்வளவுதான்.

2022இல் மொரிட்ஸ் ஷூமன் என்பவரும் கூட்டாளிகளும் அதுவரை வந்த 43 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். எடையோடு ஓட்டம், சைக்கிள் மாதிரிப் பயிற்சியைச் சேர்த்துச் செய்வதால் தசை வளர்ச்சியும் குறையவில்லை, அதிகபட்ச பலமும் குறையவில்லை என்பது அவர்கள் கண்டது. ஒன்றே ஒன்று மட்டும் கொஞ்சம் அடிபட்டது: வெடிப்பு பலம், அதாவது ஒரு நொடியில் முழு பலத்தையும் கொட்டுகிற திறன். அதுவும் இரண்டையும் ஒரே வேளையில் செய்தால் கூடுதலாக.

இதைப் படித்ததும் எனக்கு மாஸ்டர் நினைவுதான் வந்தது. ஸ்னாட்ச் என்றால் என்ன? தரையில் கிடக்கிற பாரை ஒரே மூச்சில் தலைக்கு மேல் கொண்டுபோவது. அதில் வெடிப்பு பலம் இல்லாமல் ஒன்றுமே இல்லை. பளுதூக்கும் பிள்ளைகளை ஓடாதே என்று அவர் அதட்டுவது நூற்றுக்கு நூறு சரி. அவர் விளையாட்டுக்கு அதுதான் சட்டம். என் தேவை வேறு. முதுகும் தொடையும் ஏற வேண்டும், 10 கிலோமீட்டரைச் சந்தோஷமாக ஓட வேண்டும். அவரிடம் இதை விளக்கினேன். "சரிம்மா, உன் உடம்பு, நீயே பாரு. ஸ்குவாட் குறைஞ்சா மட்டும் நான் கேப்பேன்" என்றார். நியாயமான ஒப்பந்தம். இன்றுவரை கேட்டதில்லை.

ஓட்டத்தால் பாதிப்பே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். தசையை நார் நாராக எடுத்து அளந்து பார்த்த ஆய்வுகளில் சின்ன ஒரு குறைவு தெரிகிறது. சைக்கிளை விட ஓட்டத்தில் அது கொஞ்சம் கூடுதல். காரணம் புரியக்கூடியதுதான். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் கால் தரையில் மோதுகிறது, தொடைத் தசை நீண்டுகொண்டே தாங்குகிறது. சைக்கிளில் அந்த மோதல் இல்லை. தொடை பெரிதாவது ஒன்றுதான் உயிர்மூச்சு என்கிறவர்கள் தாராளமாக சைக்கிளுக்கு மாறலாம். எனக்கு ஓட்டம் பிடிக்கும், அந்தச் சின்னக் குறைவு பரவாயில்லை.

இப்போது சாப்பாடு. என் தீர்மானமான கருத்து இது: நம் ஊரில் ஓடுகிற பெண்களுக்குச் சதை ஏறாததற்கு ஓட்டத்தை விடச் சாப்பாட்டுக் கணக்குதான் பெரிய காரணம்.

ஓட்டத்துக்கு ஆகும் செலவை யார் வேண்டுமானாலும் கணக்குப் போடலாம். ஒரு கிலோமீட்டருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி. நான் 54 கிலோ, வாரத்துக்கு 25 கிலோமீட்டர் சுமாராக ஓடுகிறேன். 1350 கலோரி. நாளுக்குப் பிரித்தால் 190 சொச்சம். மூன்று நான்கு இட்லி! ஊரே பயப்படுகிற ஓட்டம் என் உடம்பிலிருந்து நாளுக்கு எடுத்துக்கொள்வது இவ்வளவுதான். அந்த மூன்று இட்லியை உள்ளே போடாமல் ஓடினால் உடம்பு வேறு எங்கிருந்தோதான் எடுக்கும். அதற்கு மேல் சதை கட்டுவதற்கு ஒரு 200, 300 கலோரி கூட வேண்டும். ஆக நாளுக்கு 400லிருந்து 500 கலோரி, முன்பு சாப்பிட்டதை விட அதிகம். நம் வீட்டில் பெண்கள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தில் உட்காருகிற வழக்கத்தில் இந்த 500 எங்கிருந்து வரும்? இதை என் மாமியாரிடமே பேசினேன். இப்போது குழம்பு இறக்கியதும் மீனில் என் பங்கை எடுத்து மூடி வைத்துவிடுகிறார்.

புரதத்துக்கு நம் நாட்டு ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் சொன்ன அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். சும்மா நல்லபடியாக இருப்பதற்கு அது போதும். சதை கட்டுவதற்கு வேறு கணக்கு. 2018இல் 49 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கிலோவுக்கு 1.6 கிராம் வரைதான் சராசரியாகப் பலன் கூடுகிறது, அதற்கு மேல் போட்டாலும் பெரிதாகக் கூடவில்லை என்று வந்தது. எனக்கு 86 கிராம். ஒரே வேளையில் கொட்டாமல் நான்காகப் பிரித்தால் வேளைக்கு 22 கிராம் அளவில் வரும்.

பவுடர் வாங்காமல் இதை எட்ட முடியுமா என்று கேட்பார்கள். முடியும், கொஞ்சம் யோசிக்க வேண்டும். காலையில் ஓடிவிட்டு வந்ததும் இரண்டு முட்டை, 12 கிராம். மூன்று இட்லியும் பருப்பு தாராளமாகப் போட்ட சாம்பாரும் இன்னொரு 10 தரும். பதினோரு மணி இடைவேளைக்கு எவர்சில்வர் டப்பாவில் கொண்டைக்கடலைச் சுண்டல். வெந்த கடலை 100 கிராமில் எட்டு ஒன்பது கிராம் புரதம். முந்தின ராத்திரியே ஊறப் போட்டுவிடுவேன், காலையில் ஓடக் கிளம்பும் முன் உப்புப் போட்டுக் குக்கரை அடுப்பில் வைத்தால் அத்தை விசிலை எண்ணி இறக்கிவிடுவார். மத்தியானச் சாப்பாட்டில்தான் பெரிய ஆள் வருகிறார்: மீல் மேக்கர். காய்ந்த உருண்டை 100 கிராமில் பாதிக்கு மேல், 52 கிராம், புரதம். 30 கிராம் எடுத்து வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை நன்றாகப் பிழிந்து, மிளகும் சோம்பும் தட்டிப்போட்டு வறுத்தால் 15 கிராம் ஆயிற்று. பிழிகிற வேலையில் சோம்பல் பட்டால் அந்த வாடை போகாது, பிள்ளைகள் தொட மாட்டார்கள். பருப்பும் தயிரும் சேர்ந்து ஒரு ஆறு. ஜிம்முக்குப் போகும் முன் ஒரு வாழைப்பழமும் ஒரு கை பொட்டுக்கடலையும். ராத்திரி மீனோ கோழியோ, அது இல்லாத நாளில் பன்னீர். படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். கூட்டிப் பார்த்தால் 86க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். முட்டையும் சாப்பிடாதவர்கள் மீல் மேக்கர், பால், பன்னீரைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதிலும் கணக்கு முட்டினால் வே பவுடரில் தப்பே இல்லை, அது பாலிலிருந்து எடுத்ததுதான். ஒரு ஸ்கூப் 24 கிராம் அளவுக்கு வரும்.

கிருத்திகை விரதத்தன்று எடைப் பயிற்சி வைத்துக்கொள்வதில்லை. விரதமும் முக்கியம், ஸ்குவாட்டும் முக்கியம். நாளை மாற்றிவிட்டால் இரண்டுக்கும் மரியாதை.

ஓட்டத்துக்கு வருகிறேன். இதில் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்: பெரும்பாலான ஓட்டம் மெதுவாக இருக்க வேண்டும். உலகத் தரத்து ஓட்டக்காரர்கள், படகு வலிப்பவர்கள், பனிச்சறுக்கு வீரர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று நார்வேயில் இருக்கிற ஸ்டீஃபன் சைலர் தொகுத்துப் பார்த்ததில், அவர்கள் பயிற்சியில் 80 சதவீதம் போல மெதுவானது என்று தெரிந்தது. அவர்களே அப்படி என்றால் நாம் ஏன் தினமும் நாக்குத் தள்ள ஓட வேண்டும்?

மெதுவுக்கு என் அளவுகோல் பக்கத்து வீட்டு அக்கா. வியாழக்கிழமை அவரும் வருவார். கோட்டை அகழியை ஒட்டி, இருட்டு முழுசாகப் பிரியாத நேரத்தில் கிளம்புவோம். தண்ணீருக்கு அந்தப் பக்கம் கருங்கல் மதில், இந்தப் பக்கம் கை வீசி நடக்கிற பெரியவர்கள் கூட்டம். அக்கா தன் மருமகள் புதிதாகச் சேர்ந்த வேலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் முழு வாக்கியமாகச் சொல்வார். நானும் "அப்புறம் என்ன ஆச்சு, சம்பளம் பேசினாங்களா" என்று முழுசாகக் கேட்க வேண்டும். என் கேள்வி "அப்புறம்" என்பதோடு நின்றுவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம், உடனே குறைத்துவிடுவோம். எந்தக் கடிகாரத்தை விடவும் இது எனக்குச் சரியாக இருக்கிறது.

வேலூர் வெயிலில் இது இன்னும் முக்கியம். ஏப்ரல் பிறந்துவிட்டால் விடியற்காலையிலேயே புழுங்கும், அக்னி நட்சத்திரத்தில் சொல்லவே வேண்டாம். உடம்பைக் குளிர வைக்க ரத்தம் தோலுக்குப் போகிறது. தசைக்கும் அனுப்ப வேண்டும் என்பதால் இதயம் கூட அடிக்கிறது. டிசம்பரில் மெதுவாக இருந்த அதே வேகம் மே மாதத்தில் கடுமையான ஓட்டம் ஆகிவிடும். நமக்கே தெரியாமல் ஹிக்சன் ஆய்வில் இருந்தவர்கள் நிலைமைக்குப் போய்விடுவோம். ஆகவே வெயில் காலத்தில் நான் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம்கூடத் தயங்காமல் விட்டுக்கொடுப்பேன்.

வாரத்தை எப்படிப் போடுகிறேன் என்று கேட்டவர்களுக்கு. திங்கள் சாயங்காலம் மேல் உடம்பு. செவ்வாய்தான் கடினமான நாள்: காலையில் வேக ஓட்டம், சாயங்காலம் கனமான கால் பயிற்சி. புதன் முழு ஓய்வு. வியாழன் காலை அக்காவோடு மெது ஓட்டம், சாயங்காலம் மறுபடி மேல் உடம்பு. வெள்ளி மறுபடி கால், ஆனால் எடை குறைத்து ரெப்ஸ், அதாவது தூக்குகிற தடவை, கூட்டி. சனி ஓய்வு. ஞாயிறு நீண்ட ஓட்டம், மெதுவாக, 12 கிலோமீட்டர் போல.

வேக ஓட்டத்தையும் கனமான ஸ்குவாட்டையும் ஒரே நாளில் வைப்பது பலருக்கு விசித்திரமாகப் படும். யோசித்துப் பாருங்கள். ஸ்குவாட் வலி மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும். செவ்வாய் ஸ்குவாட், புதன் வேக ஓட்டம் என்று போட்டால் வலிக்கிற காலோடு வேகமாக ஓட வேண்டும். ஓட்டமும் கெடும், காலும் ஆறாது. இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிட்டால் புதன் முழுக்கக் காலுக்கு விடுமுறை. சதை கட்டப்படுவது அந்தப் புதன்கிழமையில்தான்.

அந்தச் செவ்வாய் சாயங்காலத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். பாரைத் தாங்கி நிற்கிற ராக் முன்னால் போய் நின்றதும் மாஸ்டர் முதலில் பார்ப்பது என் பாதத்தை. ஓடுகிற ஷூவோடு பாரின் கீழே போக விடமாட்டார். அந்த ஷூவின் அடியில் இருக்கிற மெத்தென்ற ஃபோம் ஓட்டத்தில் மோதலை வாங்கிக்கொள்வதற்காக வைத்தது. 60 கிலோ தோளில் ஏறினால் அது ஒரு பக்கமாக அமுங்கும், கணுக்கால் ஆடும், முட்டி உள்ளே மடங்கும். அதனால் தட்டையான கேன்வாஸ் ஷூ, இல்லாவிட்டால் வெறுங்கால். பாரின் நடுப்பகுதியில் சொரசொரப்பு தேய்ந்துபோயிருக்கும், எத்தனை பேர் முதுகு பட்ட பார்! தோள்பட்டைத் தசையை இறுக்கி அதன் மேல் பாரை உட்கார வைத்து, இரண்டு எட்டுப் பின்னால் வந்து, மூச்சை வயிறு வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்குவேன். தொடை தரைக்கு இணையாக வரும்வரை மாஸ்டர் வாயே திறக்க மாட்டார். ஐந்து ரெப்பில் நான்காவது மெதுவாகும். ஐந்தாவதில் பாதி வழியில் பார் நிற்கிறதா நகர்கிறதா என்று தெரியாத ஒரு கணம் வரும். அங்கே அவர் கையை நீட்டுவார், தொடமாட்டார். மேலே வந்து பாரை மாட்டியதும், "இன்னும் ஒண்ணு இருந்துச்சு உனக்குள்ள" என்பார். அந்த ஒன்றை மிச்சம் வைத்து நிறுத்துவதுதான் சரியான அளவு. ஒன்றிரண்டு ரெப் மிச்சம் இருக்கும்படி நிறுத்தினாலும் சதை வளரும், மறுநாள் மாடிப்படி ஏறவும் முடியும்.

ஸ்குவாட்டுக்குப் பிறகு ருமேனியன் டெட்லிஃப்ட் (பாரைக் கையில் பிடித்து இடுப்பை மடக்கிக் குனிந்து நிமிர்வது), டம்பெல்லோடு மேடை ஏறி இறங்குகிற ஸ்டெப் அப், கடைசியில் நின்றபடி கெண்டைக்கால் பயிற்சி. கெண்டைக்காலை ஓடுகிறவர்கள் விடவே கூடாது. ஒவ்வொரு அடியிலும் உடம்பைத் தள்ளிவிடுவது அதுதான். மேல் உடம்பு நாட்களில் பெஞ்ச், ரோயிங், தோள், புல் அப். நடுவில் ஓய்வில்லாமல் எடுக்கிற ரெப்ஸ் எல்லாம் சேர்ந்தது ஒரு செட். ஒரு தசைக்கு வாரத்தில் பத்து செட் வருகிற மாதிரி பார்த்துக்கொள்கிறேன். ஜிம் வசதி இல்லாதவர்கள் தண்டாலும் பஸ்கியும் எடுத்தே ஆரம்பிக்கலாம். தோளில் ஒரு பையில் புத்தகங்களைப் போட்டுக்கொண்டு பஸ்கி எடுத்தாலே முதல் சில மாதங்களுக்குப் போதும்.

"உடம்பு இறுகிடும்" என்கிற ஓட்டக்காரர்களுக்கு ஒரு செய்தி. 2008இல் நார்வேயில் நன்றாக ஓடுகிறவர்களை எடுத்து, எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று தடவை, நான்கே நான்கு ரெப் தூக்க முடிகிற கனத்தில் அரை ஸ்குவாட் நான்கு செட் செய்ய வைத்தார்கள். அதே வேகத்தில் ஓட ஆகும் ஆக்சிஜன் செலவு 5 சதவீதம் குறைந்தது. உச்ச வேகத்தில் தாக்குப்பிடிக்கும் நேரம் 21 சதவீதம் கூடியது. உடல் எடை கூடவில்லை. என் அனுபவமும் இதுதான். ஞாயிறு ஓட்டத்தில் கடைசி மூன்று கிலோமீட்டரில் இடுப்பு தொங்கிப்போகாமல் நிமிர்ந்து ஓட முடிகிறது என்றால் அது செவ்வாய்க்கிழமை சம்பாதித்தது.

பெண்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. எடை தூக்கினால் ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவோம் என்ற பயத்தை விட்டுவிடுங்கள். ஆண்களுக்கு இருக்கிற டெஸ்டோஸ்டிரோன் நமக்கு இருப்பதை விடப் பத்து மடங்குக்கும் அதிகம். அவர்களுக்கே சதை ஏறுவது எவ்வளவு பாடு என்று ஜிம்மில் பார்க்கிறோம். மாதத்துக்கு அரைக் கிலோ ஏறினாலே நமக்குப் பெரிய விஷயம்.

இன்னொன்று இதைவிட முக்கியம். ஓடியும் தூக்கியும் சாப்பாடு போதாமல் போனால் உடம்பு முதலில் கைவைப்பது மாதவிடாயில். தேதி தள்ளிப்போவதும் நின்றுபோவதும் "ஃபிட் ஆயிட்டேன்" என்பதற்கு அடையாளம் இல்லை. 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவே இந்த ஆற்றல் பற்றாக்குறைக்கு ஒரு பெயர் வைத்து, எலும்பு, இதயம், மனநிலை வரை அது பாதிக்கும் என்று எச்சரித்திருக்கிறது. அப்படி ஆனால் ஓட்டத்தைக் குறைத்து, சாப்பாட்டைக் கூட்டி, மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கூடவே ரத்தத்தில் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நாட்டில் 15லிருந்து 49 வயதுக்குள் உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தசோகையோடு ஓடிவிட்டு, "ஓட்டம் என்னை உருக்கிடுச்சு" என்று சொல்கிற தோழிகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. முருங்கைக்கீரை, ஈரல், எள்ளு, பக்கத்தில் ஒரு எலுமிச்சை. சாப்பிட்ட கையோடு டீ குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளி. அதிலும் ஏறாவிட்டால் மாத்திரைக்கு மருத்துவர் இருக்கிறார்.

தூக்கத்தைப் பற்றி ஒரே வரி: ஐந்துக்கு எழுகிறவள் ஒன்பதரைக்குப் படுத்தாக வேண்டும், எங்கள் வீட்டில் இது எல்லோருக்கும் தெரியும்.

கடைசியாக, நேரம் கிடைக்காத மாதங்கள். எனக்கு அது மார்ச், ஏப்ரல். பொதுத்தேர்வு, பிறகு விடைத்தாள் திருத்தும் வேலை. வாரத்துக்கு நான்கு நாள் ஜிம் என்பது நடக்காது. இதற்கும் நல்ல செய்தி இருக்கிறது. ஏற்கெனவே கட்டிய பலத்தையும் சதையையும் தக்கவைக்க வாரத்துக்கு ஒரே ஒரு பயிற்சி, ஒரு செட்டானாலும்கூட, 32 வாரம் வரை போதும் என்று 2021இல் வந்த ஒரு தொகுப்புக் கட்டுரை சொல்கிறது. தூக்குகிற எடையை மட்டும் குறைக்கக் கூடாது. வயது கூடியவர்களுக்கு வாரம் இரண்டு தடவை, இரண்டு மூன்று செட் வேண்டும். ஆகவே அந்த இரண்டு மாதமும் என் கணக்கு எளிது: செவ்வாய் சாயங்காலம் மட்டும் ஜிம், ஸ்குவாட்டும் பெஞ்சும் ரோயிங்கும், வழக்கமான எடை, பாதி செட். ஓட்டம் இரண்டு நாள், இரண்டும் மெது. மே மாதம் பள்ளி விடுமுறையில் பழையபடி நான்கு நாளுக்குத் திரும்பிவிடலாம். மாஸ்டரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். திருத்தும் மையம் எந்த ஊரில் விழுகிறது என்று தெரிந்த பிறகுதான் ஓட்டம் எத்தனை மணிக்கு என்று முடிவு செய்ய வேண்டும்.